ஒற்றைச் சக்கரம் முன்னே வேண்டுமா, பின்னே வேண்டுமா?

மூன்றாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்

மூன்று சக்கர வண்டி என்றவுடன் நம் நினைவில் வந்து நிற்பது ஆட்டோ ரிக்ஷாதான். அதற்கு அடுத்தபடி, மீன் கூடையும் காய்கறி மூட்டையும் ஏற்றிச் செல்லும் சிறு சரக்கு வண்டி. உழைக்கும் வண்டி என்று அதற்கு ஒரு பெயர் உண்டே தவிர, ஊர் சுற்றிப் பார்க்கும் வண்டி என்று யாரும் அதைச் சொன்னதில்லை. ஆனால் அமெரிக்காவிலும் கனடாவிலும் ஐரோப்பிய நாடுகளிலும், ஆயிரம் இரண்டாயிரம் மைல் தொலைவு சுற்றுலா செல்வதற்கென்றே மூன்று சக்கர மோட்டார் சைக்கிள்கள் செய்யப்படுகின்றன. அவற்றின் விலை ஒரு நல்ல காரின் விலைக்குக் குறைந்ததன்று. அவற்றை வாங்க எண்ணுவோர், எந்த மாடலை எடுப்பது என்று மாதக்கணக்கில் வாதிடுகின்றனர்.

அந்த வாதத்தில் நமக்கு என்ன வேலை என்று மாணவ நண்பர்கள் கேட்கக்கூடும். இரண்டு வேலைகள் உண்டு. முதலாவது, அந்த வாதத்தின் உள்ளே நாம் வகுப்பறையில் படிக்கும் இயற்பியல் அப்படியே இருக்கிறது. இரண்டாவது, மூன்று சக்கரத்தை நாடி வருபவர் யார், எதற்காக வருகிறார் என்று பார்த்தால், அது வெறும் பணக்காரப் பொழுதுபோக்கு அன்று என்பது விளங்கும். ஆகவே இக்கட்டுரையில் என் கருத்தைச் சற்று விரிவாகவே கூற விரும்புகிறேன்.

பழைய வரலாறு

மூன்று சக்கரம் என்பது நேற்று முளைத்த புதுமை அன்று. ஜெர்மனியில் கார்ல் பென்ஸ் 1886ஆம் ஆண்டு ஜனவரி 29ஆம் நாள் காப்புரிமை கோரிய மோட்டார் வண்டிக்கு மூன்று சக்கரங்களே இருந்தன. முன்னே ஒன்று, பின்னே இரண்டு. முன்னால் இரண்டு சக்கரங்களை வைத்தால், வளைவில் அவ்விரண்டும் வெவ்வேறு கோணத்தில் திரும்பவேண்டும். அந்தச் சிக்கலுக்கு அப்போது அவரிடம் நிறைவான விடை இல்லை. எனவே ஒற்றைச் சக்கரத்தை வைத்துச் சிக்கலையே தவிர்த்துவிட்டார்.

1888ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் அவருடைய மனைவி பெர்த்தா பென்ஸ், கணவரிடம் சொல்லாமல், தம் இரு மகன்களையும் அழைத்துக்கொண்டு அந்த மூன்று சக்கர வண்டியில் மான்ஹைம் நகரிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைம் நகருக்குப் புறப்பட்டார். நூறு கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான தூரம். வழியில் எரிபொருள் தீர்ந்தது. வீஸ்லோக் ஊரின் மருந்துக் கடையில் வாங்கி ஊற்றினார். எரிபொருள் குழாய் அடைத்தது. தொப்பி ஊசியால் குத்தி நீக்கினார். பிரேக் கட்டை தேய்ந்தது. செருப்புத் தைப்பவரிடம் சொல்லித் தோல் அடித்துக்கொண்டார். மேட்டில் மகன்கள் வண்டியைத் தள்ளினர். உலகின் முதல் நெடுந்தூர மோட்டார் பயணம் எனப் போற்றப்படுவது இதுவே. அதாவது, மோட்டார் சுற்றுலா என்பதே மூன்று சக்கரத்தில் பிறந்தது எனலாம்.

பின்னர் வந்தவற்றைச் சுருக்கமாகக் கூறுகிறேன். இங்கிலாந்தின் மார்கன் நிறுவனம் 1910ஆம் ஆண்டு வாக்கில் இரு சக்கரங்களை முன்னும் ஒரு சக்கரத்தைப் பின்னும் வைத்து வண்டி செய்யத் தொடங்கியது. அமெரிக்காவின் ஹார்லி டேவிட்சன் நிறுவனம் 1932 முதல் 1973 வரை ‘செர்வி-கார்’ என்ற மூன்று சக்கர வண்டியைச் செய்தது. காவல் துறையினர் அதைப் பயன்படுத்தினர். கார் பட்டறைக்காரர்களும் பயன்படுத்தினர்: பட்டறை ஆள் அதில் ஏறி வாடிக்கையாளர் வீட்டுக்குப் போவார், பழுதான காரின் பின்னால் அதைக் கொக்கி போட்டு மாட்டிவிட்டுக் காரை ஓட்டி வருவார். இத்தாலியின் பியாஜியோ நிறுவனம் 1948இல் ‘ஆப்பே’ என்ற மூன்று சக்கரச் சரக்கு ஸ்கூட்டரைக் கொண்டுவந்தது. நம் ஆட்டோ ரிக்ஷாவின் பூர்வீகம் அதுதான்.

சுற்றுலாவுக்கென்று பெரிய நிறுவனங்கள் மூன்று சக்கரத்தைக் கையில் எடுத்தது அண்மைக் காலத்தில்தான். கனடாவின் பி.ஆர்.பி. நிறுவனம் 2007இல் ‘கேன்-ஆம் ஸ்பைடர்’ வண்டியை அறிமுகம் செய்தது. அதன் சுற்றுலா வடிவமான ‘ஸ்பைடர் ஆர்.டி.’ 2010ஆம் ஆண்டு மாடலாக வந்தது. ஹார்லி டேவிட்சனின் ‘ட்ரை கிளைட்’ 2009ஆம் ஆண்டு மாடலாக வந்தது. இவ்விரண்டுக்கும் இடையில்தான் முக்கியமான போட்டி. மூன்றாவது வழி ஒன்றும் உண்டு: ஹோண்டா ‘கோல்டு விங்’ என்ற இரு சக்கர வண்டியை வாங்கி, தனிப் பட்டறைகளில் கொடுத்து, பின்சக்கரத்தை எடுத்துவிட்டு அச்சும் இரு சக்கரங்களும் பொருத்திக்கொள்வது.

முக்காலிப் பாடம்

நம் வீட்டு முக்காலியை எந்த மேடுபள்ளமான தரையில் வைத்தாலும் ஆடாது. நாற்காலி ஆடும். காரணம் எளிது: மூன்று புள்ளிகள் ஒரு தளத்தை நிர்ணயிக்கின்றன, நான்காவது புள்ளி அந்தத் தளத்தில் விழவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஆனால் அதே முக்காலியின் ஓரத்தில், இரு கால்களுக்கு நடுவே ஏறி நின்றால் கவிழ்ந்துவிடும். ஆக, ஆடாமல் இருப்பது வேறு, கவிழாமல் இருப்பது வேறு. மூன்று சக்கர வண்டியைப் பற்றிய குழப்பங்களில் பாதிக்குமேல் இவ்விரண்டையும் ஒன்றாக எண்ணுவதால் வருவன.

வண்டியின் மூன்று சக்கரங்களும் தரையைத் தொடும் இடங்களைக் கோடிட்டு இணைத்தால் ஒரு முக்கோணம் கிடைக்கும். வண்டி நிற்கும்போது அதன் எடை, ஈர்ப்பு மையத்திலிருந்து நேர் கீழே அம்முக்கோணத்துக்குள் இறங்குகிறது. வளைவில் திரும்பும்போது மைய விலக்கு விசையும் எடையும் சேர்ந்து அந்தப் புள்ளியை வெளிப்புறமாகத் தள்ளுகின்றன. பிரேக் போட்டால் அந்தப் புள்ளி முன்னோக்கி நகர்கிறது. வேகத்தைக் கூட்டினால் பின்னோக்கி நகர்கிறது. புள்ளி முக்கோணத்தை விட்டு வெளியேறினால் வண்டி கவிழ்கிறது. இதற்கு மேல் இதில் மந்திரம் ஒன்றுமில்லை.

இப்போது ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். இது எந்த ஒரு வண்டியின் அளவும் அன்று. விளக்கத்துக்காக நான் எடுத்துக்கொண்ட எண்கள். ஒற்றைச் சக்கரத்துக்கும் இரட்டைச் சக்கர அச்சுக்கும் இடையே தூரம் 170 சென்டிமீட்டர். இரட்டைச் சக்கரங்களின் இடைவெளி 130. ஈர்ப்பு மையத்தின் உயரம் 60. அது ஒற்றைச் சக்கரத்திலிருந்து மூன்றில் இரண்டு பங்குத் தொலைவில், அதாவது 113 சென்டிமீட்டரில் இருக்கிறது. அந்த இடத்தில் முக்கோணத்தின் பாதி அகலம் 43 சென்டிமீட்டர். ஒற்றைச் சக்கரம் முன்னே இருந்தாலும் பின்னே இருந்தாலும் சீரான வேகத்தில் இந்த 43 மாறாது. இதுவரை இரண்டு வண்டிகளும் சமம்.

வளைவின் நடுவில் ஒரு மான் குறுக்கே பாய்கிறது. ஓட்டுபவர் பிரேக்கை அழுத்துகிறார். புவியீர்ப்பு முடுக்கத்தில் பாதி அளவுக்கு வேகம் குறைகிறது என்று கொள்வோம். புள்ளி 30 சென்டிமீட்டர் முன்னோக்கி நகரும். ஒற்றைச் சக்கரம் முன்னே உள்ள வண்டியில், முன்பக்கம் முக்கோணத்தின் கூர்முனை. பாதி அகலம் 43இலிருந்து 32 ஆகச் சுருங்கிவிடுகிறது. இரட்டைச் சக்கரம் முன்னே உள்ள வண்டியிலோ, முன்பக்கம் முக்கோணத்தின் அகன்ற பக்கம். அங்கே 43, 55 ஆக விரிகிறது. ஆபத்து வந்த அதே நொடியில் ஒரு வண்டியின் காலடி குறுகுகிறது. மற்றதன் காலடி அகல்கிறது. இந்த ஒரு வேறுபாடே என் கருத்துக்கு அடித்தளம்.

முன்னே ஒன்று, பின்னே இரண்டு என்ற அமைப்பை ‘டெல்டா’ என்பர். முன்னே இரண்டு, பின்னே ஒன்று என்ற அமைப்புக்குத் தலைப்பிரட்டையின் பெயரை வைத்திருக்கிறார்கள். அகன்ற தலை, ஒடுங்கிய வால். ஹார்லி ட்ரை கிளைட்டும், மாற்றி அமைத்த கோல்டு விங்கும், நம் ஆட்டோவும் டெல்டா வகை. ஸ்பைடர் தலைப்பிரட்டை வகை.

டெல்டா வண்டியைப் பற்றி அமெரிக்கா ஒரு கசப்பான பாடம் கற்றது. 1970இல் ஹோண்டா அங்கே காட்டுவெளியில் ஓட்டுவதற்கென்று பருத்த டயர்கள் கொண்ட மூன்று சக்கர வண்டியை விற்கத் தொடங்கியது. பிற நிறுவனங்களும் பின்தொடர்ந்தன. விபத்துகளும் உயிரிழப்புகளும் பெருகின. 1988இல் அரசுடன் ஏற்பட்ட உடன்பாட்டின்படி அவ்வகைப் புதிய வண்டிகளின் விற்பனை அங்கே நிறுத்தப்பட்டது. அந்த வண்டி வேறு, நெடுஞ்சாலைச் சுற்றுலா வண்டி வேறு என்பது உண்மையே. அது உயரமானது, குட்டையான அச்சு கொண்டது, சிறுவர்களும் ஓட்டியது. எனினும் முக்கோணம் முக்கோணம்தானே?

எதிர்வாதத்தையும் கேட்போம்

டெல்டாவை விரும்புவோர் அறியாதவர்கள் அல்லர். அவர்களுடைய வாதங்களில் வலுவானதை முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

சுற்றுலா என்றால் தனியாகப் போவதில்லை. பின்னால் துணைவர் அமர்வார், பெட்டிகளும் ஏறும். அந்த எடை முழுவதும் பின்பக்கம் சேருகிறது. டெல்டாவில் பின்பக்கம் அகன்ற பக்கம். ஏற்ற ஏற்ற உறுதி கூடும். தலைப்பிரட்டையில் பின்பக்கம் கூர்முனை. ஏற்ற ஏற்ற உறுதி குறையும். இது முற்றிலும் சரி. நம் கணக்கில் ஈர்ப்பு மையம் 10 சென்டிமீட்டர் பின்னே போனால், சீரான வேகத்தில் டெல்டாவின் பாதி அகலம் 47 ஆகிறது. தலைப்பிரட்டையினுடையது 39 ஆகிறது. ஆனால் அந்தச் சுமையோடு பிரேக் போட்டுப் பாருங்கள். டெல்டா 36, தலைப்பிரட்டை 51. சுமை ஏற்றிய பிறகும் ஆபத்து நொடியில் முன்னணி மாறவில்லை. தவிரவும், ஸ்பைடர் ஆர்.டி. வண்டியின் முன் சக்கரங்களுக்கு நடுவே ஒரு பெட்டி உண்டு. கனமான பொருளை அதில் வைத்தால் பின்பாரம் ஓரளவு ஈடாகும்.

இரண்டாவது வாதம்: வளைவில் வேகத்தைக் கூட்டினால் தலைப்பிரட்டைதான் குறுகும் என்பது. இதுவும் சரியே. ஆனால் வேகத்தைக் கூட்டுவது நம் கையில் இருக்கிறது. பிரேக் போடுவது எப்போதும் நம் கையில் இல்லை. மானும் மாடும் நம்மைக் கேட்டுக்கொண்டு குறுக்கே வருவதில்லை.

மூன்றாவது வாதம் சாலையைப் பற்றியது. இரு சக்கர வண்டி சாலையில் ஒரு தடம் பதிக்கிறது. கார் இரு தடம். மூன்று சக்கர வண்டி மூன்று தடம். எனவே பள்ளத்தைத் தவிர்ப்பது கடினம். அன்றியும் கார்களும் லாரிகளும் சிந்தும் எண்ணெய் சாலைத் தடத்தின் நடுவில்தான் படிகிறது. முதல் மழையில் அந்த நடுப்பட்டை வழுக்கும். ஒற்றைச் சக்கரம் ஓடுவது அந்தப் பட்டையில்தான். டெல்டாவில் அது திருப்பும் சக்கரம். தலைப்பிரட்டையில் அது இழுவைச் சக்கரம். இழுவைச் சக்கரம் வழுக்கினால் வால் அலைபாயும். திருப்பும் சக்கரம் வழுக்கினால் வண்டி திரும்பாமல் நேரே போகும். இரண்டும் நல்லதல்ல. ஸ்பைடரில் இதற்கென்றே மின்னணுக் கட்டுப்பாடு முதலிலிருந்தே வைத்திருக்கிறார்கள். சக்கரம் வழுக்குவதையோ, உட்புறச் சக்கரம் எழும்புவதையோ உணர்ந்தால், அது தானே எஞ்சினின் விசையைக் குறைத்துத் தேவையான சக்கரத்தில் பிரேக் போடும். ஹார்லி மூன்று சக்கர வண்டிகளுக்கும் பிற்பாடு இவ்வகை உதவிகள் வந்தன. சரளைக் கல் ஏற்றத்தில் மட்டும், இரு இழுவைச் சக்கரம் கொண்ட டெல்டா மேலானது என்று ஒப்புக்கொள்கிறேன்.

நான்காவது வாதம் மனத்தைப் பற்றியது. ட்ரை கிளைட்டில் அமர்ந்து முன்னே பார்த்தால் அசல் மோட்டார் சைக்கிள்போலவே தெரியும். எஞ்சின் ஒலியும் பழகிய ஒலி. முதலில் 1690 சி.சி., பின்னர் 1868 சி.சி. கொண்ட இரட்டை உருளை எஞ்சின். ஸ்பைடரின் ரோட்டாக்ஸ் எஞ்சின் 2014 முதல் 1330 சி.சி., மூன்று உருளை. அதன் முகப்பு பனிச்சறுக்கு வண்டியை நினைவூட்டும். அதைச் செய்யும் நிறுவனம் பனிச்சறுக்கு வண்டியில் புகழ்பெற்றது என்பதால் வியப்பில்லை. நாற்பது ஆண்டு ஒரு வகை வண்டியை ஓட்டியவருக்கு அதன் முகம் முக்கியம். இந்த வாதத்தை நான் ஏளனம் செய்யமாட்டேன். ஆனால் முகத்துக்காக முக்கோணத்தை விட்டுக்கொடுக்க வேண்டுமா என்றுதான் கேட்பேன்.

சாயும் வண்டிகள்

ஐரோப்பாவில் வேறொரு வகை உண்டு. பியாஜியோவின் எம்.பி.3 (2006), யமஹாவின் நைக்கன் (2018), அதன் சுற்றுலா வடிவமான நைக்கன் ஜி.டி. முதலியன. இவற்றிலும் முன்னே இரு சக்கரங்கள். ஆனால் வளைவில் இரு சக்கர வண்டிபோலவே சாய்ந்து திரும்பும். சாய்வதால் மேலே சொன்ன கவிழும் கணக்கு இவற்றுக்குப் பொருந்தாது.

இவற்றில் ஒரு சட்ட நுணுக்கமும் இருக்கிறது. ஐரோப்பிய விதிகளின்படி ஒரே அச்சில் உள்ள இரு சக்கரங்களின் இடைவெளி 460 மில்லிமீட்டருக்குக் குறைந்தால், அவ்விரண்டையும் ஒரே சக்கரமாகவே கணக்கிடுவர். நைக்கனின் இடைவெளி 410 மில்லிமீட்டர். ஆகவே சட்டத்தின் கண்ணில் அது இரு சக்கர வண்டி. எம்.பி.3 வண்டியின் சில மாடல்களில் இடைவெளியை 460க்கு மேல் அகலப்படுத்தி, பல நாடுகளில் கார் உரிமம் உள்ளவர்களும் ஓட்டும்படி செய்தார்கள். ஐந்து சென்டிமீட்டரில் உரிமம் மாறிவிடுகிறது!

இன்னொரு வேறுபாடு இதனினும் முக்கியம். எம்.பி.3 நிற்கும்போது சாயாமல் பூட்டிக்கொள்ளும். கால் ஊன்ற வேண்டியதில்லை. நைக்கனுக்கு அந்தப் பூட்டு இல்லை. சக்கரம் மூன்று இருந்தும், நிற்கும்போது ஓட்டுபவர்தான் காலால் தாங்கவேண்டும். மூன்றாவது சக்கரத்தை எதற்காக நாடினாரோ, அதுவே அங்கே கிடைப்பதில்லை.

வாங்குபவர் யார்?

இப்போது நான் வரவேண்டிய இடத்துக்கு வருகிறேன். ட்ரை கிளைட் 550 கிலோவுக்கு மேல் எடை, ஸ்பைடர் ஆர்.டி. 450 கிலோவுக்கு மேல். முன்னது 30,000 டாலருக்கும் பின்னது 20,000 டாலருக்கும் மேல். இவ்வளவு எடையையும் விலையையும் ஏற்றுக்கொண்டு மூன்று சக்கரத்துக்கு வருபவர்களில் பலர் முதியவர்கள், முழங்கால் தேய்ந்தவர்கள், இடுப்பு அறுவை செய்துகொண்டவர்கள், போரிலோ விபத்திலோ கால் இழந்தவர்கள். 350 கிலோ எடையுள்ள இரு சக்கர வண்டியைச் சாலைச் சந்திப்பில் காலால் தாங்கி நிற்க முடியாமற் போன நாளில், அவர்களுக்கு இரு வழிகள்தாம். ஒன்று, வண்டியை விற்றுவிட்டு வீட்டில் அமர்வது. மற்றொன்று, மூன்றாவது சக்கரம்.

எனக்கு வலது கால் வலுவில்லை. இருபுறமும் இணைப்புச் சக்கரம் பொருத்திய ஸ்கூட்டரில்தான் நான் நாள்தோறும் கல்லூரிக்கு வருகிறேன். எனவே இந்தச் சுற்றுலா வண்டிகளின் விவரங்களைப் படித்தபோது, எஞ்சினையோ நிறத்தையோ நான் முதலில் பார்க்கவில்லை. பிரேக் எங்கே இருக்கிறது என்றுதான் பார்த்தேன்.

ஸ்பைடரில் கைப்பிடியில் பிரேக் கிடையாது. வலது காலால் அழுத்தும் ஒரே மிதி. அது மூன்று சக்கரங்களையும் சேர்த்து நிறுத்தும். தானியங்கி வகையில் கியருக்குக் கால் வேண்டியதில்லை, கிளட்சும் இல்லை; கட்டைவிரலால் பொத்தானைத் தொட்டால் கியர் ஏறும்; பின்னோக்கிச் செல்லவும் கியர் உண்டு. எல்லாம் இருந்தும், முக்கோணக் கணக்கில் நான் முதலிடம் கொடுத்த அந்த வண்டியை என்னால் நிறுத்த முடியாது. கைப்பிரேக் பொருத்தித் தரும் இணைப்புக் கருவிகளைத் தனி நிறுவனங்கள் விற்கின்றன. ஆனால் அது பிற்சேர்க்கைதான். வண்டியோடு பிறந்தது அன்று.

ட்ரை கிளைட்டில் முன்சக்கரத்துக்குக் கைப்பிரேக் உண்டு. ஆனால் கியர் மாற்ற இடது கால் வேண்டும். கிளட்சுக்கு இடது கை வேண்டும். இடது கால் இழந்தவருக்கு அது உதவாது. கோல்டு விங் வண்டியில் 2018 முதல் கிளட்ச் பிடி இல்லாத ஏழு கியர் தானியங்கி வகை வந்தது. கியர் மாற்றப் பொத்தான்; நிறுத்தக் கையிலும் பிரேக், காலிலும் பிரேக். அதை மூன்று சக்கரமாக மாற்றிக்கொண்டால், கால் வலுவற்ற ஒருவருக்கு இம்மூன்றிலும் எளிதாகப் பொருந்துவது அதுவே. ஆனால் அது டெல்டா. அதன் முக்கோணம் நான் விரும்பாத முக்கோணம்.

ஆக, இயற்பியல் ஒரு வண்டியைச் சுட்டுகிறது; என் கால் வேறொரு வண்டியைச் சுட்டுகிறது. இந்த முரண்பாட்டை நிறுவனங்கள்தாம் தீர்க்கவேண்டும். முதியவர்களையும் கால் வலுவற்றவர்களையும் நம்பி விற்கப்படும் ஒரு வண்டியில், கைப்பிரேக் என்பது தொழிற்சாலையிலேயே கேட்டுப் பெறக்கூடிய ஒன்றாக இருக்கவேண்டும். இருக்கைக்கு வெப்பமூட்டி வைக்கத் தெரிந்தவர்களுக்கு, பாட்டுப் பெட்டி வைக்கத் தெரிந்தவர்களுக்கு, ஒரு பிரேக் பிடியை வைப்பது அரிதா என்ன?

இது மோட்டார் சைக்கிளா?

மூன்று சக்கரம் ஓட்டுபவரைப் பார்த்து, இது என்ன மோட்டார் சைக்கிள் என்று அங்கும் கேலி செய்பவர்கள் உண்டு. பயிற்சிச் சக்கரம் மாட்டிய குழந்தை வண்டி என்பார்கள். நம் கல்லூரி வாயிலிலும் அந்தக் குரல் கேட்காமல் இல்லை. கேலி செய்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். மூன்று சக்கர வண்டியை ஓட்டுவது இரு சக்கர வண்டியை ஓட்டுவதைவிட எளிது அன்று. அது வேறு கலை. அது சாயாது. வளைவில் உடல் வெளிப்புறமாகத் தள்ளப்படும். கைப்பிடியைத் தோளின் வலுவால் திருப்பவேண்டும். இரு சக்கரப் பழக்கத்தில் காலைக் கீழே ஊன்றினால், டெல்டா வகையில் பின்சக்கரமே காலின்மேல் ஏறிவிடும். எனவேதான் அங்கே மூன்று சக்கரத்துக்கென்று தனிப் பயிற்சி வகுப்புகள் நடக்கின்றன. முப்பது ஆண்டு வண்டி ஓட்டியவர்களும் அங்கே போய்ப் புதிதாகக் கற்கிறார்கள். கற்பதில் அவர்களுக்கு வெட்கம் இல்லை.

என் முடிவு

மாடலைத் தேர்ந்தெடுப்போர் கேட்கவேண்டிய கேள்விகளை இவ்வாறு வரிசைப்படுத்துவேன். முதலில் உடல்: இந்த வண்டியை என் கையாலும் காலாலும் நிறுத்த முடியுமா? இரண்டாவது முக்கோணம்: வளைவில் பிரேக் போட்டால் என் காலடி அகலுமா, குறுகுமா? மூன்றாவது சுமை: யாரோடு, எவ்வளவு சாமானோடு போகிறேன்? நான்காவது சாலை: தார்ச் சாலையா, சரளையா? ஐந்தாவதாகத்தான் பெயரும் முகமும் ஒலியும். கால் இரண்டும் நன்றாக உள்ளவருக்கு, தார்ச் சாலையில் சுற்றுவதற்கு, முன்னே இரு சக்கரம் உள்ள வண்டியே சிறந்தது என்பது என் துணிபு. துணைவரோடும் பெருஞ்சுமையோடும் மலைச் சரளைப் பாதையில் மெதுவாகப் போக விரும்புபவர் டெல்டாவை எடுத்தால் அதைக் குறைகூற மாட்டேன். நிற்கும்போது காலை ஊன்ற முடியாதவர், சாயும் வண்டியில் பூட்டு உண்டா என்று கேட்காமல் பணத்தைக் கட்டக்கூடாது.

பெரும்பாலோர் இந்த வரிசையைத் தலைகீழாகப் பிடிக்கிறார்கள் என்பதுதான் என் மனக்குறை. பெயரில் தொடங்கிப் பிரேக்கில் முடிக்கிறார்கள்.

பேராசிரியப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள். ட்ரை கிளைட்டும் ஸ்பைடரும் நம் ஊர்ச் சாலையில் காண்பதற்கு அரியவை. ஆனால் தமிழக அரசு கால் பாதிக்கப்பட்டோருக்கு வழங்கும் இணைப்புச் சக்கர ஸ்கூட்டர்கள் ஊருக்கு ஊர் ஓடுகின்றன. இணைப்புச் சக்கரங்களைச் சேர்த்துப் பார்த்தால் அவற்றின் அடித்தளமும் முன்னே குறுகிப் பின்னே அகன்றதுதான். அந்தச் சக்கரங்கள் எவ்வளவு அகலத்தில் இருக்கவேண்டும், பின்னால் ஒருவர் அமர்ந்தால் என்ன ஆகும், எந்த வேகத்தில் திரும்பலாம் என்பவற்றை ஓட்டுபவர்கள் பட்டறிவால் மட்டுமே அறிகிறார்கள். அந்தப் பட்டறிவின் விலை சில சமயம் ஓர் எலும்பு. நம் இயற்பியல் துறைக்கு ஒரு சாய்வுப் பலகையும், ஒரு கோணமானியும், ஒரு எடைத் தராசும் போதும். கவிழும் கோணத்தை அளந்து, எளிய தமிழில் ஒரு பக்கத்தில் அச்சிட்டு, அந்த வண்டி ஓட்டும் ஒவ்வொருவர் கையிலும் கொடுக்கலாம். மூன்றாம் ஆண்டு மாணவர்களின் செய்முறைத் திட்டமாக வரும் ஆண்டிலேயே இதை எடுத்துக்கொள்ளலாம். அளப்பதற்கு ஒரு வண்டி வேண்டுமெனில், என்னுடையதைத் தருகிறேன்.